ஸ்லைடு மின்ன வேண்டும்: கையால் தேய்ப்பதா, சக்கரத்தில் கொடுப்பதா, பட்டறைக்கு அனுப்புவதா?

"புதுசா ஒரு ஸ்டெயின்லெஸ் 1911 வாங்கியிருக்கேன். ஸ்லைடோட ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி இருந்தா நல்லா இருக்கும். நானே தேய்ச்சுக்கலாமா, இல்ல யார்கிட்டயாவது கொடுக்கணுமா?" அமெரிக்காவில் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலுக்குப் போகும் நம்மவர்கள் நடுவே அடிக்கடி வரும் கேள்வி இது. 1911 என்பது ஒரு கைத்துப்பாக்கி மாதிரி. ஸ்லைடு என்பது சுடும்போது முன்பின் நகரும் அதன் மேல்பக்க எஃகுப் பாகம். கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு பாலிஷ் டியூப் ஏற்கெனவே இருக்கும். மனதில் பாதி முடிவும் எடுத்திருப்பார்.

வழிகள் ஐந்தாறு உண்டு. அவற்றை எடைபோடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாலிஷ் போடுகிறோம் என்று சொல்கிறோமே தவிர, ஸ்லைடின் மேல் நாம் எதையும் போடுவதில்லை. இருப்பதைச் சுரண்டி எடுக்கிறோம். ஒரு கீறல் மறைய வேண்டுமானால் அதன் பள்ளத்தின் அடிவரைக்கும் சுற்றியுள்ள எஃகு இறங்கியாக வேண்டும். இறங்கியது திரும்ப ஏறாது. அதனால் எது அதிகம் மின்னும் என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். எந்த வழி குறைவாக எடுக்கும், தப்பிப்போனால் எதுவரை பின்வாங்கலாம் என்பதுதான் முதல் கேள்வி.

நான் எழுதுவது அமெரிக்கச் சூழலை வைத்து. இந்தியாவில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து வீட்டில் இறங்க வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழுதுபார்க்கும் வேலைக்கே தனி உரிமம் கேட்கிறது. உரிமம் உள்ள கடைக்காரரிடம் கொண்டுபோவதே சரி.

## ஸ்லைடின் மேல் இருப்பது என்ன?

முடிவில் பாதி இங்கேயே ஆகிவிடும்.

பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ். வீட்டில் பாலிஷ் செய்யத் தகுதியானது இது ஒன்றுதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் என்றதும் நம் எவர்சில்வர் குடத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. துப்பாக்கி ஸ்லைடுகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் 416 ரகம் வேறு ஜாதி. காந்தம் ஒட்டும், சூடேற்றிக் கடினமாக்கலாம், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. கடைசலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கந்தகம் சேர்த்திருப்பார்கள். அந்தக் கந்தகத்தால் இரண்டு விளைவுகள். வியர்வை பட்டுத் துடைக்காமல் விட்டால் இதிலும் துருப்புள்ளி வரும். அதோடு, முழுக் கண்ணாடி மெருகு இதற்குக் கடைசிவரை வராது. எஃகுக்குள் இருக்கும் சல்பைடு துணுக்குகள் பாலிஷ் போடும்போது பிடுங்கிக்கொண்டு வந்து, வால் முளைத்த சின்னஞ்சிறு கோடுகளை விட்டுச்செல்லும். விளக்குக்கு நேரே பிடித்தால் தெரியும். அதைத் துரத்திக்கொண்டு மேலும் மேலும் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். குறை கையில் இல்லை, எஃகில் இருக்கிறது.

புளூயிங் செய்த கார்பன் எஃகு. கருநீல நிறம் என்பது எஃகின் மேற்பரப்பையே மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடாக மாற்றியது. மிக மெல்லிய படலம். பாலிஷ் பசையால் தொடர்ந்து தேய்த்தால் படலம் போய் வெள்ளை எஃகு தெரியும். பிறகு எண்ணெய் இல்லாமல் ஹூஸ்டன் மாதிரி ஈரக்காற்று ஊரில் ஓர் இரவு வைத்தால்கூடப் பழுப்பு ஏறிவிடும்.

நைட்ரைடு செய்த ஸ்லைடு. கிளாக், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் எம் அண்டு பி போன்ற கைத்துப்பாக்கிகளில் வருவது. இந்தக் கறுப்புக்கு அடியில் இருப்பது, எஃகுக்குள்ளேயே நைட்ரஜனைச் செலுத்தி உண்டாக்கிய கடினமான தோல். இதைக் கண்ணாடியாக்க வேண்டுமென்றால் அந்தத் தோலை உரிக்க வேண்டும். துப்பாக்கியின் மிகச் சிறந்த கவசத்தை, காசும் நேரமும் கொடுத்துக் கழற்றிப் போடும் வேலை. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. கிளாக்கை மின்னவைக்க ஆசைப்படுபவர் தனியாக ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்லைடு வாங்கி மாட்டுவது மேல்.

நிக்கல், குரோம் முலாம். இவற்றை உப்புத்தாள் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. நிக்கலுக்கு இன்னொரு எச்சரிக்கை. பித்தளைக்கு என்று விற்கும் சில பாலிஷ்களிலும், துப்பாக்கிக் குழலில் செம்பு நீக்கும் திரவங்களிலும் அம்மோனியா இருக்கும். நிக்கலுக்கு அடியில் செம்புப் பூச்சு கொடுத்திருந்தால், சின்ன விரிசல் வழியாக அம்மோனியா உள்ளே போய்ச் செம்பைத் தின்னும். மேலே நிக்கல் செதில் செதிலாகக் கிளம்பும்.

எது என்று தெரியாவிட்டால் ஸ்லைடின் முன்முனை ஓரத்தைப் பாருங்கள். ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) உரசி முதலில் தேய்வது அங்கேதான். சுற்றிலும் ஒரு நிறம், ஓரத்தில் மட்டும் வேறு நிறம் என்றால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது. காந்தத்தை வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, கார்பன் எஃகிலும் 416இலும் ஒரே மாதிரி ஒட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

என் கணக்கில் ஐந்து. எவ்வளவு எஃகு போகிறது. மூலைகளும் எழுத்துகளும் கூர்மையாக நிற்குமா. கைக்காசும் கைநேரமும் எவ்வளவு. முடிந்த பிறகு பராமரிப்பு எப்படி. விற்கும்போது என்ன மதிப்பு.

கடைசியை யாரும் முதலில் யோசிப்பதில்லை. கோல்ட் (Colt) கம்பெனியின் பழைய துப்பாக்கி, போர்க்கால 1911 போன்ற சேகரிப்புத் துப்பாக்கிகளில் மூலப் பூச்சுக்குத்தான் விலை. அது தேய்ந்து அழுக்காக இருந்தாலும் சரி. தாத்தா காலத்து ஒன்று யாருக்காவது கிடைத்தால் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதற்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

| வழி | போகும் எஃகு | வெளியே தெரியும் செலவு | தெரியாத செலவு | பொருந்துவது |
|---|---|---|---|---|
| பாலிஷ் பசை மட்டும் | அநேகமாக இல்லை | ஒரு டியூப் விலை | கைவலி, அவ்வளவுதான் | முதல்முறை செய்பவர் |
| நார்ப்பட்டையால் கோடு போடுவது | மிகக் குறைவு | சில டாலர் | எதுவுமில்லை என்றே சொல்லலாம் | தினமும் இடுப்பில் வைப்பவர் |
| வாட்டர் பேப்பர், பிறகு பசை | ஓரளவு | 50 டாலருக்குள் | நேரம், பொறுமை | பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ், ரேஞ்ச் துப்பாக்கி |
| பஃபிங் சக்கரம் | அதிகம், கண்மூடித் திறப்பதற்குள் | இயந்திரமும் சக்கரங்களும் | மழுங்கிய மூலை, ஆபத்து, தூசி | முன்பே பழகிய கை |
| பட்டறைப் பாலிஷும் முலாமும் | செய்பவரைப் பொறுத்தது | சில நூறு டாலர் | காத்திருப்பு, தபால் | கார்பன் எஃகு, விலையுயர்ந்த துப்பாக்கி |
| செரகோட் போன்ற பூச்சு | பொடி அடிக்கும்போது கொஞ்சம் | நடுத்தரம் | மினுக்கம் கிடைக்காது | உழைப்புத் துப்பாக்கி |

## பாலிஷ் பசை மட்டும்

ஃபிளிட்ஸ், மதர்ஸ், சிமிகுரோம், ஆட்டோசால் என்று கடையில் எது கிடைத்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றே. மிக நுண்ணிய உராய்பொடி கலந்த பசை. பருத்தித் துணியில் பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் துணி கறுக்கும். கறுப்பது அழுக்கு மட்டுமல்ல, கொஞ்சம் எஃகும்தான்.

தொழிற்சாலையில் கோடு போட்டுக் கொடுத்த பரப்பின் மேல் இதைப் பயன்படுத்தினால் கோடு மறையாது. கோட்டின் முகடுகள் மட்டும் மழமழப்பாகி, ஒரு பட்டுத்தன்மை வரும். பலருக்கு மனதில் இருந்த பளபளப்பு உண்மையில் இதுதான், பெயர்தான் தெரியாமல் கண்ணாடி என்று சொல்லியிருப்பார்கள். ஒரு பக்கத்தை மட்டும் இப்படிச் செய்து, ஒரு வாரம் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, போதுமா என்று முடிவெடுக்கலாம். போதும் என்று தோன்றினால் மற்ற எல்லாத் தலைவலியும் மிச்சம்.

## பின்னோக்கிப் போவது: நார்ப்பட்டைக் கோடு

கேட்டவர் எதிர்பார்க்காத வழி. ஆனாலும் நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான்.

கண்ணாடிப் பரப்பின் குணம் என்னவென்றால், அது தன் மேல் விழும் ஒவ்வொரு கீறலையும் விளம்பரம் செய்யும். ஹோல்ஸ்டருக்குள் போய்வரும் துப்பாக்கியில் ஒரே மாதத்தில் மயிரிழைக் கோடுகள் விழும். ஹோல்ஸ்டர் உள்ளே ஒரு மணல் பொடி ஒட்டியிருந்தால் போதும். கோடு போட்ட பரப்பிலோ அதே கீறல் மற்றக் கோடுகளோடு கோடாகக் கலந்துவிடும். சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் பட்டை ஒன்றை மரக்கட்டையில் சுற்றி, முன்முனையிலிருந்து பின்முனைவரை ஒரே திசையில், நடுவில் நிறுத்தாமல் நாலைந்து இழுப்பு. பரப்பு புதிதாகிவிடும். முன்னும் பின்னும் தேய்த்தால் திரும்பும் இடத்தில் கொக்கி கொக்கியாகத் தெரியும், அதனால் ஒரு பக்கமாகவே இழுக்க வேண்டும்.

இரும்பு நார் மட்டும் வேண்டாம். அதன் கார்பன் எஃகுத் துணுக்குகள் ஸ்டெயின்லெஸ்ஸில் பதிந்து, சில நாள் கழித்துத் துருப்புள்ளிகளாக முளைக்கும். "ஸ்டெயின்லெஸ்னு சொல்லி ஏமாத்திட்டான்" என்று கம்பெனியைத் திட்டுபவர்களில் சிலர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார்தான் குற்றவாளி.

## வாட்டர் பேப்பர்: கையால் கண்ணாடிவரை

நேரம் இருக்கிறது, துப்பாக்கி ரேஞ்சுக்கு மட்டும் போகிறது, எஃகு பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ் என்ற மூன்றும் சேர்ந்தால் இந்த வழிதான் சிறந்தது. சக்கரத்தைவிட மெதுவானது என்பதே இதன் பெருமை. தப்பு நடந்தாலும் மெதுவாகத்தான் நடக்கும், பார்த்து நிறுத்த அவகாசம் கிடைக்கும்.

முதலில் மேகஸினை (குண்டுப் பெட்டியை) எடுத்து, குழலில் குண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு ஸ்லைடைக் கழற்றுங்கள். குண்டின் அடியைத் தட்டும் ஃபயரிங் பின், அதன் தடுப்புத் தகடு, சுட்ட கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் எல்லாம் வெளியே வரட்டும். உராய்பொடி அந்தத் துளைகளுக்குள் புகுந்தால் பிறகு எடுப்பது பெரும்பாடு.

தாளின் எண் ஏற ஏற அதன் பொடி நுண்ணியதாகும். அந்த எண்ணில் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் இரண்டு அளவுமுறைத் தாள்களும் கலந்து கிடைக்கும். எண்ணுக்கு முன்னால் 'பி' எழுத்து இருந்தால் ஐரோப்பிய முறை, இல்லையென்றால் பெரும்பாலும் அமெரிக்க முறை. அமெரிக்க 400 என்பது ஏறக்குறைய பி 800. அமெரிக்க 600 ஏறக்குறைய பி 1200. ஒரு கடையில் 400, அடுத்த கடையில் பி 600 என்று வாங்கினால், முன்னேறுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பின்னோக்கித் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரே முறைத் தாளாகக் கடைசிவரை வாங்குவது நல்லது.

பட்டையான பக்கம் பட்டையாகவே நிற்க வேண்டும், இதுதான் முழு வேலையும். தாளை விரலில் சுற்றித் தேய்ப்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். விரல் மெத்தென்று இருக்கிறது, துளையின் ஓரத்திலும் வெட்டின் ஓரத்திலும் கீழே அமுங்கும். ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்தும் நெம்பு) மாட்டும் காடியைச் சுற்றி ஒரு சாய்வு விழும். பிறகு எவ்வளவு மின்னினாலும் அந்தச் சாய்வு கண்ணில் உறுத்தும். அதற்குப் பதில் தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் தாளை ஒட்டி, தாளை நகர்த்தாமல் ஸ்லைடை அதன் மேல் படுக்கவைத்து இழுங்கள். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு போதும். தாள் அடைத்துக்கொள்ளாது.

400இல் தொடங்குவது பெரும்பாலும் போதும். ஆழக் கீறல் இருந்தால் மட்டும் 320. பிறகு 600, 800, 1000, 1500, 2000. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றிக் குறுக்காக இழுக்க வேண்டும். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அடுத்தது. 600இல் விட்டுவைத்த ஒரு கோடு, 2000இல் எல்லாம் மின்னும்போது நடுவே நின்று பல்லைக் காட்டும். அப்போது திரும்ப 600. இப்படி ஏறி இறங்குவதில்தான் முழு மாலையும் போகும், ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆவது சாதாரணம்.

எழுத்துகள் விஷயத்தில் கண் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடின் பக்கத்தில் கம்பெனிப் பெயரை உருளை அச்சால் அழுத்தி எடுத்திருந்தால், அழுத்திய இடத்து எஃகு எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வரப்பாகப் புடைத்திருக்கும். முதல் பத்து இழுப்பிலேயே ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். அந்த வரப்புத் தேய்ந்து சமமாகும்வரை கவலையில்லை. அதற்குப் பிறகும் 400 தாளில் நின்றுகொண்டிருந்தால், எழுத்தின் ஆழம் குறைய ஆரம்பிக்கும். மெல்லிய கோடுகள் முதலில் மறையும். எழுத்தைக் காப்பாற்றுவதா, பக்கத்திலிருக்கும் கீறலை எடுப்பதா என்று ஒரு கட்டம் வரும். எழுத்தைக் காப்பாற்றுங்கள். கீறலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எழுத்து போனால் புதிதாக வெட்டத்தான் வேண்டும்.

விரல் வழுக்காமலிருக்க வெட்டிய பின்பக்கப் பிடிவரிகளுக்கு மின்சார வேலைக்கான டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிட்டால், வரியின் முனை மழுங்காது. டேப்பின் ஓரத்தில் ஒரு படி விழாமல் இருக்க, கடைசி இரண்டு தாள்களின்போது டேப்பைக் கழற்றிவிட்டு லேசாக இழுத்து முடிக்க வேண்டும்.

முடித்ததும் குழல்விளக்கின் பிரதிபலிப்பை ஸ்லைடின் பக்கத்தில் விழவைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் கோடு நேராக நகர்ந்தால் பரப்பு சமம். எங்கேயாவது நெளிந்தால் அங்கே பள்ளம்.

மறைசெலவு இரண்டு. ஒன்று, இந்த மெருகு நிரந்தரமில்லை. மாதத்துக்கு ஒருமுறை பசை போடும் பழக்கம் இருப்பவருக்குத்தான் இது சரிப்படும். இரண்டு, ஒரு பக்கம் முடித்ததும் ஆசை ஃபிரேமுக்கு, அதாவது ஸ்லைடுக்குக் கீழே கைப்பிடியோடு இருக்கும் பாகத்துக்குத் தாவும். ஃபிரேமில்தான் சீரியல் எண் இருக்கிறது. எண்ணை அழிப்பதும் மாற்றுவதும், அப்படி அழிந்த துப்பாக்கியை வைத்திருப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சில துப்பாக்கிகளில், கிளாக்கைப் போல, ஸ்லைடிலும் எண் இருக்கும். எண் இருக்கும் இடத்தில் தாள் படவே வேண்டாம்.

## பஃபிங் சக்கரம்

வேகமும் அழகும் ஒன்றாகக் கிடைக்கும் என்ற ஆசையில் பலர் போகும் இடம். பழகிய கையில் சக்கரம் அற்புதமாக வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. 1955இல் வந்த கோல்ட் பைத்தான் ரிவால்வரின் ராயல் புளூ இன்றுவரை பேசப்படுகிறது. அந்த ஆழம் நீலத்தால் வந்ததில்லை. அதற்கு அடியில் சக்கரத்தில் நின்று ஒருவர் கொடுத்த பாலிஷால் வந்தது. புளூயிங் தன் அடியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும்.

ஆனால் அது வருடக்கணக்கில் அதே வேலையைச் செய்த தொழிலாளியின் கை. வாங்கி வந்த வாரமே நமக்கு அது வராது. துணிச்சக்கரம் மெத்தென்று இருப்பதால் விரல் செய்யும் அதே தப்பை ஆயிரம் மடங்கு வேகத்தில் செய்யும். துளைகளின் ஓரம் வழியும், சுட்ட கூடு வெளியே வரும் எஜெக்ஷன் போர்ட்டின் மூலை உருளும், எழுத்துகள் உருகிய மெழுகுபோல ஆகும். பழைய துப்பாக்கிச் சந்தையில் சக்கரம் பட்ட ஸ்லைடைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மின்னும், ஆனால் ஒரு மூலையும் கூர்மையாக இருக்காது.

செலவுக் கணக்கும் இயந்திரத்தோடு முடிவதில்லை. தைத்த சக்கரம் ஒன்று, தளர்ந்த சக்கரம் ஒன்று, சைசல் நார்ச் சக்கரம் ஒன்று. வெட்டுவதற்குத் தனிப் பாலிஷ் கட்டி, மெருகுக்குப் பச்சைக் கட்டி. ஒரு கட்டி போட்ட சக்கரத்தில் இன்னொரு கட்டியைப் போடக் கூடாது, அதனால் சக்கரங்கள் பெருகிக்கொண்டே போகும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம், பறக்கும் தூசியில் குரோமியம் இருக்கிறது. கையுறை விஷயத்தில் கவனம், தளர்ந்த துணிக் கையுறையைச் சக்கரம் இழுத்துக்கொள்ளும். ஸ்லைடின் முன்முனை சக்கரத்தின் மேல்பாதியில் மாட்டினால் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். சக்கரத்தின் கீழ்ப்பாதியில், ஓரம் சக்கரத்தை எதிர்க்காதபடி பிடிப்பதே முறை.

சக்கரம் ஏற்கெனவே வீட்டில் இருந்து, கத்திகளிலும் பைக் பாகங்களிலும் கை பழகியிருந்தால், 1000 தாள் வரைக்கும் கையால் சமப்படுத்திவிட்டுக் கடைசி மெருகுக்கு மட்டும் லேசாகக் காட்டலாம். அந்த அளவுக்கு நான் ஒப்புக்கொள்வேன். புதிதாக வாங்குவதற்கு ஒரு ஸ்லைடு காரணமாகாது.

சக்கரத்தின் குட்டித் தம்பியான டிரெமல் (கையில் பிடிக்கும் சின்னச் சுழல் கருவி) இன்னும் மோசம். சின்ன முனை, அதிக வேகம், பரப்பெல்லாம் அலை அலையாகும். ஸ்லைடின் பட்டைப் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை.

## பட்டறைக்கு அனுப்புவது

கார்பன் எஃகு ஸ்லைடு மின்ன வேண்டுமென்றால் இதுதான் வழி. ஏனென்றால் பாலிஷ் போட்ட பிறகு அதன் மேல் ஏதாவது காவல் வந்தாக வேண்டும்: சூடான உப்புக் குளியலில் புளூயிங், இல்லையென்றால் நிக்கல், ஹார்டு குரோம். சின்னப் பாட்டிலில் விற்கும் குளிர் புளூயிங் ஒரு கீறலைத் தொட்டு மறைக்க உதவும். முழு ஸ்லைடுக்குப் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும், துரு தடுக்கும் சக்தியும் சொற்பம். ஹார்டு குரோம் மிகக் கடினமானது, துடைத்தால் போதும், வியர்வைக்கு அஞ்சாது. அதன் குளியலில் இருக்கும் குரோமியம் நச்சு என்பதால் வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாது.

சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. 1911 மாதிரித் துப்பாக்கியில் ஃபிரேம்தான் துப்பாக்கி. ஸ்லைடு மட்டும் என்றால் உதிரி பாகம், கூட்டாட்சிச் சட்டப்படி சாதாரண பார்சலாகவே அனுப்பலாம். முழுத் துப்பாக்கியை அனுப்புவதென்றால் உரிமம் உள்ள பட்டறைக்கு மட்டும், கூரியர் கம்பெனியின் தனி விதிகளையும் பார்த்து.

மறைசெலவு காத்திருப்பு. பேர்போன பட்டறைகளில் வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில் வரிசை. ஸ்லைடு மட்டும் போய்ப் புதிதாக வந்தால் ஃபிரேம் பழசாகத் தெரியும், அடுத்த பில் அதற்கு. முலாம் ஏறுவதால் அளவும் மிக நுண்ணியமாக மாறும். இறுக்கமாகப் பொருத்திய துப்பாக்கியில், ஃபிரேமும் ஸ்லைடும் உரசி ஓடும் தண்டவாளப் பகுதியை மூடிவிட்டு முலாம் போடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னொன்று: "பக்கம் மட்டும் மெருகு, மேல்வளைவு மங்கல்" என்று செய்வார்களா? தொழிற்சாலைகள் பலவும் ஸ்லைடின் மேல்வளைவை நுண்மணிகளை வேகமாக வீசியடித்து மங்கலாக விடுவதற்குக் காரணம் உண்டு. குறிபார்க்கும்போது கண் அந்த வளைவின் வழியாகத்தான் முன்குறியைப் பார்க்கிறது. அது மின்னினால் வெயிலில் கண் கூசும். 1980களில் கோல்ட் கம்பெனியே முழு மெருகு ஸ்டெயின்லெஸ் 1911களை விற்றது, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். வெயில் நேர ரேஞ்சில் சுட்டுப் பார்த்தால் தெரியும் கதை. வீட்டில் தேய்ப்பவர்களும் மேல்வளைவை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். மங்கலுக்கும் மெருகுக்கும் நடுவே விழும் அந்தக் கோடு நேராக இருந்தால், முழுக்க மின்னுவதைவிட அதுவே எடுப்பு.

## செரகோட்

மினுக்கம் வேண்டும் என்று கேட்டவருக்கு இது பதிலாகாது. ஆனால் கேட்டவர் சொல்லும் குறை "பழசா கீறலா இருக்கு" என்பதாக இருந்தால் இதுதான் பதில். அலுமினியம் ஆக்சைடு பொடியால் அடித்துச் சொரசொரப்பாக்கி, தெளித்து, அடுப்பில் வேகவைக்கும் பூச்சு. கீறலை மறைக்கும், துருவைத் தடுக்கும், நிறம் கேட்டதைத் தரும். ஹோல்ஸ்டர் ஓரங்களில் காலப்போக்கில் தேயும். பின்னாளில் மனம் மாறி மெருகுக்குத் திரும்பினால், அந்தப் பொடியடித்த பரப்பை 320 தாளிலிருந்து முழுக்க இறக்க வேண்டியிருக்கும்.

## எந்த வழியானாலும் தொடக் கூடாத இடங்கள்

ஸ்லைடின் உள்தண்டவாளம், குண்டின் அடி வந்து உட்காரும் பிரீச் முகம், குழலின் பற்கள் மாட்டும் உள்காடிகள், முன்முனையில் குழலைத் தாங்கும் புஷிங் உட்காரும் வளையம். இவை அளவுக்குச் செய்தவை, அழகுக்கு இல்லை. "உள்ளே வழுவழுன்னு ஆக்கினா நல்லா ஓடும்" என்று பசையைப் போட்டு ஸ்லைடை முன்பின் இழுப்பவர்கள் உண்டு. ஓடும், பிறகு ஆடும். ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் உரசும் இடத்தில் உலோகம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துகொள்ளும் தொல்லையும் இருக்கிறது. அங்கே தேவைப்படுவது நல்ல எண்ணெய். இருட்டில் தானே ஒளிரும் டிரிடியம் குறி இருந்தால் அதன் மேலும் தாளோ சக்கரமோ படக் கூடாது.

வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, துளைகளைக் காற்றால் ஊதி, உலர்த்தி, எண்ணெய் துடைத்துப் பூட்டுங்கள். குண்டில்லாமல் சேஃப்டி, டிரிகர், ஸ்லைடு ஸ்டாப் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே ரேஞ்ச்.

## பாதியில் நிற்பவர்களுக்கு

800 வரைக்கும் தேய்த்துவிட்டு, கை ஓய்ந்து, மின்னவும் இல்லாமல் பழைய கோடும் இல்லாமல் வெள்ளை மூட்டமாக ஒரு ஸ்லைடை வைத்துக்கொண்டு கேட்பவர்கள்தான் அதிகம். பட்டறைக்கு ஓட வேண்டாம், கெட்டுப்போனது எதுவுமில்லை. அதே கண்ணாடிப் பலகையில் புது 400 தாளை ஒட்டுங்கள். ஸ்லைடைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பின்முனையிலிருந்து முன்முனை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தூக்கி வைத்து மீண்டும். இருபது இழுப்புக்குள் மூட்டம் போய்த் தொழிற்சாலைக் கோடு மாதிரி ஒன்று வந்துவிடும். அதன் மேல் பசையைத் துணியில் எடுத்து இரண்டே நிமிடம், கோட்டின் திசையிலேயே. அப்படியே விட்டுவைத்து ஒரு மாதம் சுடுங்கள். அதற்குப் பிறகும் கண்ணாடி வேண்டும் என்று தோன்றினால் 600 தாள் கடையில் இருக்கத்தான் போகிறது.